பழைய பிக்கப்பின் எரிபொருள் அழுத்தக் கோளாறும் ஓர் அழுத்தமானிப் பெட்டியும்

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் எரிபொருள் அழுத்தத்தை அளப்பதற்கென்று விற்கப்படும் கேஜ் பெட்டிகளுள் ஒன்றை, 1990களின் பிற்பகுதியைச் சேர்ந்த எட்டு சிலிண்டர் பிக்கப் ஒன்றில் தொடர்ந்து பயன்படுத்தி வந்த அனுபவத்தைக் கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பெட்டிக்குள் 0 முதல் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) வரை காட்டும் கிளிசரின் நிரப்பிய கேஜ், ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள ரப்பர் ஹோஸ், அழுத்தத்தை இறக்கிவிடுவதற்கான பொத்தான், அதிலிருந்து வெளியேறும் பெட்ரோலைக் கொண்டுசெல்லும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், பலவகை வண்டிகளுக்குப் பொருந்தும் பித்தளை அடாப்டர்கள், ஒற்றைத் தாளில் அச்சிட்ட செய்முறைக் குறிப்பு ஆகியவை இருக்கின்றன. தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறக்குறைய இதே பெட்டி வேறு வேறு நிறங்களில், வேறு வேறு பெயர்களில் விற்கப்படுவதால், நான் சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலும் அந்த வகை முழுவதற்கும் பொருந்தும். வாங்கத் தகுந்த கருவிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஒற்றைத் தாள் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்பவருக்கு, திரும்பத் திரும்ப வரும் கோளாறைக் கண்டுபிடிக்க இது உதவாது.

வண்டியின் கோளாறு இரண்டு விதமாக வெளிப்பட்டது. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் உடனே ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் மோட்டாரை நெடுநேரம் சுற்றவிட்ட பிறகுதான் எஞ்சின் பிடிக்கும். இது ஒன்று. பின்புறத்தில் சுமை ஏற்றி மேட்டில் ஏறும்போது, அதிலும் வெயிலில் வெகுநேரம் ஓடிய பிறகு, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இழுக்காமல் தயங்கும். இது மற்றொன்று. பட்டறையில் டேங்கை இறக்கி, உள்ளே இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். கோளாறு மறைந்தது, சில மாதங்களில் திரும்பி வந்தது. ஃபில்டரை மாற்றினார்கள், பயனில்லை. மறுபடியும் பம்பையே மாற்றினார்கள். முன்போலவே மறைந்து, முன்போலவே திரும்பியது. ஒவ்வொரு முறையும் பட்டறையில் அழுத்தம் பார்க்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் எண் சரியாகவே இருந்தது. வண்டியை நிற்கவைத்து, சாவியைத் திருகி, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதோடு அந்தச் சோதனை முடிந்துவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருபவரை நாற்காலியில் உட்காரவைத்து நாடி பார்த்து அனுப்புவதைப் போன்றது அது.

எந்தக் கேஜை வாங்குவது என்பதை வண்டியின் கையேடு முடிவு செய்யட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் தன் பிக்கப்புகளில் அறிமுகப்படுத்திய 5.7 லிட்டர் வோர்டெக் எஞ்சினுக்கு, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருகிய நிலையில் 60 முதல் 66 பிஎஸ்ஐ வேண்டும். அதற்கு முந்தைய, எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலேயே, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கொண்ட எஞ்சின்களுக்கு 9 முதல் 13 பிஎஸ்ஐ போதும். டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 22ஆர்-இ எஞ்சினுக்கு, எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றிய நிலையில் 38 முதல் 44 பிஎஸ்ஐ. மூன்றுமே பழைய பிக்கப்புகள்தான், ஆனால் மூன்றும் வெவ்வேறு உலகம். இந்த 100 பிஎஸ்ஐ கேஜை 9 பிஎஸ்ஐ கேட்கும் வண்டியில் மாட்டினால், முள் தன் பயணத்தின் தொடக்கத்திலேயே அசைந்துகொண்டிருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் 15 அல்லது 30 பிஎஸ்ஐ வரை மட்டுமே காட்டும் கேஜைத் தேடி வாங்குவதே முறை. என் வண்டியின் கையேடு 60ஐ ஒட்டிய வரம்பைத் தருகிறது என்பதால் இந்தக் கேஜ் பொருந்தியது. மெட்ரிக் அளவில் யோசிப்பவர்களுக்காக: 14.5 பிஎஸ்ஐ ஒரு பாருக்குச் சமம், ஆகவே 60 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 4.1 பார்.

கேஜின் துல்லியத்தைப் பற்றி விற்பனைக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. உள்ளே இருப்பது, யூஜின் பூர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற அதே வளைந்த உலோகக் குழாய் அமைப்புதான். அழுத்தம் ஏறும்போது குழாய் நிமிர முயல, அந்த அசைவைப் பற்சக்கரம் முள்ளுக்குக் கடத்துகிறது. இந்த வகை கேஜ்களின் பிழையை முழு அளவின் சதவீதமாகவே குறிப்பது வழக்கம். 100 பிஎஸ்ஐ கேஜில் 2.5 சதவீதப் பிழை என்றால், முள் எங்கே நின்றாலும் 2.5 பிஎஸ்ஐ முன்பின்னாக இருக்கலாம். கையேடு அனுமதிக்கும் வரம்பின் அகலமே 6 பிஎஸ்ஐ தான் என்னும்போது, இது சிறிய விஷயமன்று. சரிபார்க்கப்பட்ட வேறொரு கேஜுடன் ஒப்பிட்டுப் பார்த்ததில், 60 பிஎஸ்ஐக்கு அருகில் இது ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டியது. இதைக் குறையென்று பெரிதாகச் சொல்லமாட்டேன். ஒரே கேஜ், ஒரே நாளில், ஒரு நிலைக்கும் இன்னொரு நிலைக்கும் இடையே காட்டும் வேறுபாட்டை நம்பலாம்; நோயறிதலுக்கு அந்த வேறுபாடுதான் வேண்டும். கையேட்டின் கீழ் எல்லையை ஒட்டி முள் நிற்கும்போது மட்டும், அந்த எண்ணை வைத்துப் பம்பை மாற்றக் கிளம்பிவிடக் கூடாது.

மாட்டுவதைப் பொறுத்தவரை, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் குழாயான எரிபொருள் ரெயிலில் டயர் வால்வைப் போன்ற ஷ்ரேடர் வால்வு இருக்கும் வண்டிகளில் வேலை எளிது. எஞ்சின் ஆறிய பிறகு, வால்வைச் சுற்றித் துணியைச் சுற்றிக்கொண்டு, அடாப்டரைக் கையாலேயே இறுக்கலாம். இங்கே கருவியின் முதல் குறை தெரிந்தது. வால்வின் நடு ஊசியை அழுத்த வேண்டிய அடாப்டரின் முனை சற்றுக் குட்டையாக இருப்பதால், முழுமையாக இறுக்கினாலும் வால்வு பாதியே திறக்கிறது. பம்ப் ஓடத் தொடங்கியதும் முள் சட்டென எழாமல் மெல்ல ஊர்ந்து ஏறுகிறது. இதை அறியாதவர் பம்பையே பலவீனமானது என்று தீர்மானித்துவிடுவார். அடாப்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரை எடுத்துவிட்டு அதைவிட மெல்லியதைப் போட்டதும் சரியாயிற்று. ஆனாலும் தயாரிப்பாளர் கவனித்திருக்க வேண்டிய ஒன்று இது. 22ஆர்-இ போன்ற எஞ்சின்களில் ஷ்ரேடர் வால்வே கிடையாது. கோல்டு ஸ்டார்ட் இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் துளைபோல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில்தான் கேஜை மாட்ட வேண்டும். அதற்கான அடாப்டர்கள் பெட்டியில் உள்ளன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய செம்பு வாஷர்களில் உதிரி எதுவும் தரப்படவில்லை. ஒருமுறை நசுங்கிய வாஷரைத் திரும்பப் பயன்படுத்தினால் கசியும். கசியும் இடம் சூடான எஞ்சினுக்கு அருகில் என்பதால் இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

மாட்டியவுடன் பொத்தானை அழுத்தி, ஹோஸுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட வேண்டும் என்பதைச் செய்முறைத் தாள் சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. காற்று அழுந்தும், பெட்ரோல் அழுந்தாது. ஹோஸில் காற்று இருந்தால், பம்ப் நின்ற பிறகு அந்தக் காற்று விரிந்து அழுத்தத்தைச் சற்று நேரம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், உண்மையான கசிவு வேகம் மறைந்துபோகும். வடிகுழாயின் மறுமுனையை மூடியுள்ள உலோகக் கலத்துக்குள் விடுவதும், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதும் தாளில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

நின்ற நிலையில் எடுத்த அளவுகள் இவை. சாவியைத் திருகியதும் வண்டியின் கணினி பம்பை ஏறத்தாழ 2 விநாடி ஓடவிட்டு நிறுத்துகிறது. முள் 62இல் நின்றது. எஞ்சின் ஐட்லிங்கில் 54. ரெகுலேட்டருக்குச் செல்லும் வாக்குவம் ஹோஸைக் கழற்றியதும் மறுபடி 62. இந்தக் கடைசிச் சோதனை எளியது, ஆனால் நிறையச் சொல்லக்கூடியது. ஐட்லிங்கில் எஞ்சினின் உறிஞ்சல் ரெகுலேட்டரின் சவ்வை இழுப்பதால் அழுத்தம் குறைகிறது. ஹோஸைக் கழற்றினால் அந்த இழுப்பு போய்விடுகிறது. முள் அசையவில்லை என்றால் ரெகுலேட்டர் செத்துவிட்டது, அல்லது வாக்குவம் வந்து சேரவில்லை. கழற்றிய ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். அதற்குக் கேஜே தேவையில்லை, மூக்கு போதும். என் வண்டியில் ஹோஸ் உலர்ந்திருந்தது, முள்ளும் ஒழுங்காக ஏறி இறங்கியது. ஆக, பட்டறை எடுத்த எண் பொய்யன்று.

எஞ்சினை நிறுத்திய பிறகுதான் காலைநேரக் கோளாறின் காரணம் தெரிந்தது. 10 நிமிடத்தில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது என்று கையேடு சொல்ல, முள் 62இலிருந்து 40க்கு இறங்கியிருந்தது. இரவு முழுவதும் நின்றால் ரெயிலில் அழுத்தமே மிஞ்சாது. செல்ஃப் மோட்டார் சுற்றும் நேரமெல்லாம் அதை நிரப்புவதில் கழிகிறது. சாவியைத் திருகி 2 விநாடி காத்திருந்து, அணைத்து, மறுபடி திருகிப் பிறகு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உடனே பிடித்தது என்பதும் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் அழுத்தம் எந்த வழியாக வெளியேறுகிறது? பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பலாம், ரெகுலேட்டர் வழியாகத் திரும்பும் குழாய்க்குப் போகலாம், இன்ஜெக்டர்கள் வழியாகச் சிலிண்டருக்குள் சொட்டலாம். ஒவ்வொரு பாதையையும் மாற்றி மாற்றி அடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தப் பெட்டியின் மிகப்பெரிய குறை இங்கேதான் இருக்கிறது: அடைப்பு வால்வு கொண்ட அடாப்டர் ஒன்றுகூட இல்லை. ரப்பர் ஹோஸ் இருக்கும் இடத்தில் மழுங்கிய வாயுடைய கிளாம்பால் மெதுவாக நசுக்கிப் பார்க்கலாம் என்கிறது தாள். பழைய பிக்கப்புகளில் வழிநெடுக இருப்பவை இரும்புக் குழாய்களும் நைலான் குழாய்களும். நைலானை நசுக்கினால் வெடிப்பு விழும். எஞ்சியிருக்கும் ரப்பர் துண்டுகளோ இருபது, முப்பது ஆண்டு வயதானவை. அவற்றை நசுக்கச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை என்றே கருதுகிறேன். தனியாக வாங்கிய அடைப்பு வால்வை ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே பொருத்தி, பம்ப் நின்ற கணத்தில் மூடியபோது அழுத்தம் அசையாமல் நின்றது. எனவே கசிவு டேங்குப் பக்கம்: பம்பின் ஒருவழி வால்வு, அல்லது டேங்குக்குள் பம்பையும் மேல்மூடியையும் இணைக்கும் சிறு ஹோஸ். எரிபொருள் திரும்பிச் செல்லும் குழாயை அடைத்துப் பார்க்க விரும்புவோர், பம்ப் ஓடும்போது அதைச் செய்யவே கூடாது என்பதை நினைவில் கொள்ளட்டும். ரெகுலேட்டரின் வழி அடைபட்டதும் அழுத்தம் நொடிகளில் கேஜின் எல்லையை நோக்கிப் பாயும், பழைய இணைப்புகள் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

காலைத் தொல்லை புரிந்தது. மேட்டில் இழுக்காமைக்கு இது காரணமன்று. அதற்கு ஓடும் வண்டியில் முள்ளைப் பார்க்க வேண்டும். கேஜின் நீண்ட ஹோஸ் அப்போதுதான் தன் மதிப்பைக் காட்டியது. பானட்டின் பின்விளிம்பு வழியாக ஹோஸை வெளியே எடுத்து, புகைக்குழாயிலும் பெல்ட்டிலும் படாதபடி கட்டி, கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பரின் அடியில் நிறுத்தினால், உள்ளே அமர்ந்தபடியே படிக்கலாம். பெட்ரோல் இருக்கும் ஹோஸை எக்காரணம் கொண்டும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், முள்ளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அவர் கைபேசியில் பதிவு செய்தால் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். கேஜின் முகம் அகலமாகவும் எண்கள் பெரிதாகவும் இருப்பதும், கிளிசரின் முள்ளின் நடுக்கத்தை அடக்குவதும் இதற்கென்றே செய்தவை போல அமைந்திருக்கின்றன. குட்டை ஹோஸுடன் வரும் கேஜ்களால் இந்த ஒரு வேலையைச் செய்ய முடியாது, என் பார்வையில் செய்ய வேண்டிய முதன்மையான வேலையே இதுதான்.

ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தும்போது எஞ்சினின் உறிஞ்சல் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். ஆகவே முள் ஐட்லிங்கின் 54இலிருந்து 62ஐ நோக்கி ஏற வேண்டும். என் வண்டியில் சமதரையில் அப்படித்தான் ஏறியது. சுமையோடு, சூடான நிலையில், மேட்டில் அது ஒரு கணம் ஏறிப் பிறகு மெல்லச் சரிந்து 47இல் நின்றது. ஏற வேண்டிய நேரத்தில் இறங்குவது, எண் சிறியதாக இருப்பதைவிடத் தீவிரமான அறிகுறி. இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 62க்குப் பதில் 47 என்றால் எஞ்சினுக்குக் கிடைக்கும் பெட்ரோல் ஏறத்தாழ 13 சதவீதம் குறைகிறது. முழு ஆக்ஸிலேட்டரில் கணினி, புகையில் எஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரின் திருத்தத்தைப் பெரும்பாலும் கேட்பதில்லை என்பதால் இந்தக் குறையை ஈடுசெய்ய வழியில்லை; அந்த நிலை சில நிமிடங்களே நீடிப்பதால், பெட்ரோல் போதவில்லை என்று காட்டும் பி0171 போன்ற கோளாறுக் குறியீடும் பதிவாகவில்லை. ஸ்கேனரை மட்டும் மாட்டிப் பார்த்தவர்களுக்கு வண்டி நலமாகவே தெரிந்ததற்கு இதுவே விளக்கம்.

கேஜ் இதற்கு மேல் பேசாது. பெட்ரோல் போதவில்லை என்று அது சொல்லிவிடும். பம்ப் தேய்ந்ததாலா, ஃபில்டர் அடைத்ததாலா, டேங்கின் அடியில் பம்ப் உறிஞ்சும் வலையில் துரு படிந்ததாலா, பம்புக்கு மின்சாரம் போதாததாலா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. நான்குக்கும் முள் ஒரே மாதிரிதான் சரியும். சில வேறுபாடுகளை ஊகிக்கலாம். வலை அடைப்பாக இருந்தால், வண்டியைச் சற்று நிறுத்திவைத்ததும் துரு உதிர்ந்து அழுத்தம் திரும்பி, கொஞ்சத் தூரம் ஓடியதும் மறுபடி சரியும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கையில் மட்டும் கோளாறு வந்தால், பெட்ரோலில் மூழ்கிக் குளிர வேண்டிய பம்ப் சூடாகிறதா என்று யோசிக்கலாம். ஃபில்டரின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் ஃபில்டரின் கதை முடிந்துவிடும். ஆனால் ஃபில்டரின் இருபுறமும் இடையில் மாட்டக்கூடிய அடாப்டர் இந்தப் பெட்டியில் இல்லை.

என் வண்டியில் வலையும் ஃபில்டரும் புதியவை. எஞ்சியது மின்சாரம். செய்முறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அழுத்தம் குறைந்தால் பம்பை மாற்றவும் என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். பம்பின் கனெக்டரில் மல்டிமீட்டரின் கம்பிகளைப் பின்புறமாகச் செருகி, நீட்டிய வயர்களை வண்டிக்குள் கொண்டுவந்து, அதே மேட்டில் அழுத்தத்தோடு சேர்த்து வோல்டேஜையும் பார்த்தபோது, பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்க, பம்புக்குக் கிடைத்தது 11.6 தான். தொலைந்த 2.3 வோல்ட்டில் பம்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே பக்கம் 0.6, எர்த் பக்கம் 1.7. சேஸிஸில் எர்த் வயர் பொருந்தும் இடத்தில், போல்ட்டுக்கும் இரும்புக்கும் இடையே துரு ஒரு படலமாகப் படர்ந்திருந்தது. பம்ப் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், 1.7 வோல்ட்டை விழுங்குவதற்கு 0.2 ஓம் தடை போதும். அத்தனை சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடினால் சிக்காது. வயரில் ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது நல்ல வயராகத்தான் தெரியும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு முனைகளுக்கும் இடையே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்ப்பதே வழி. எர்த் பக்கம் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பம்பை மாற்றியதும் கோளாறு ஏன் சில மாதம் மறைந்தது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. டிசி மோட்டாரின் வேகம் அதற்குக் கிடைக்கும் வோல்டேஜோடு குறையும். புதிய பம்பின் திறன் எஞ்சினின் தேவைக்கு மேல் சற்று மிஞ்சியிருப்பதால், 11.6 வோல்ட்டிலும் அது ஈடுகொடுத்துவிடுகிறது. ஓடி ஓடி உட்பாகங்கள் கொஞ்சம் தேய்ந்ததும் அந்த மிச்சம் கரைந்துபோகிறது. முழு வோல்டேஜ் கிடைத்திருந்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கக்கூடிய பம்ப், தேய்ந்துபோனதாகத் தீர்ப்புப் பெற்று டேங்கிலிருந்து இறக்கப்படுகிறது. பம்பின் மேல் பழி போடுவது பட்டறைக்கும் வசதி, உதிரிபாகம் விற்பவருக்கும் வசதி. எர்த் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வயரின் முனையைப் புதிதாக மாற்றி, ரிலேயையும் அதன் சாக்கெட்டையும் மாற்றிய பிறகு, அதே பம்பை வைத்துக்கொண்டே, அதே மேட்டில் முள் 62க்கு ஏறி அங்கேயே நின்றது. டேங்கை இறக்கவில்லை. ஃபோர்டு பிக்கப்புகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம்: மோதலின்போது பம்பை நிறுத்துவதற்காக முன்னிருக்கைப் பயணியின் கால்பக்கம் வைக்கப்பட்டிருக்கும் சுவிட்ச் வழியாகத்தான் பம்புக்கு மின்சாரம் போகிறது, வயதான வண்டியில் அந்தச் சுவிட்சின் உள்முனைகளும் இதே போல வோல்ட்டை விழுங்கக்கூடியவை.

கருவியின் மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹோஸின் இணைப்புகள் இதுவரை கசியவில்லை. பொத்தானின் ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்து, அழுத்தாத நேரத்திலும் வடிகுழாயில் ஒரு துளி தேங்கத் தொடங்கியது. அழுத்தம் இறங்கும் வேகத்தை அளக்கும் கருவியே கசிந்தால் வண்டியின் மேல் பொய்க்குற்றம் விழும் என்பதால், சோதனைக்கு முன் வடிகுழாய் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். கிளிசரின் நிரப்பிய கேஜை வெயிலில் பானட்டின் மேல் வைத்திருந்தால், உள்ளே திரவம் விரிந்து முள் சுழியிலிருந்து சற்று விலகி நிற்கும்; கேஜின் மேலே உள்ள சிறு ரப்பர் அடைப்பைத் தூக்கிக் காற்றை விட்டால் சரியாகிவிடும். இதுவும் தாளில் இல்லை. அடாப்டர்கள் கனமான பித்தளை, மரையெல்லாம் சுத்தம். எது எந்த வண்டிக்கு என்பதற்கான குறியீடு அவற்றின் மேல் பொறிக்கப்படாமல் பெட்டியின் மூடியில் ஒட்டிய தாளில் இருக்கிறது, அந்தத் தாள் பெட்ரோல் பட்டதும் அழிந்துவிட்டது. பெட்டியின் பூட்டுகள் மட்டரகம்.

இதைவிடச் சிறந்த வழிகள் இல்லாமல் இல்லை. அழுத்த சென்சாரை ரெயிலில் பொருத்தி அளவுகளைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் மின்னணுக் கருவியில், நொடியில் வந்து போகும் சரிவுகூடச் சிக்கும். வண்டிக்குள் மின்வயர் மட்டுமே வருவதால் ஆபத்தும் குறைவு. பம்ப் இழுக்கும் மின்னோட்டத்தின் அலைவடிவத்தைக் கிளாம்ப் மீட்டரும் ஆஸிலோஸ்கோப்பும் கொண்டு பார்த்தால், டேங்கைத் தொடாமலே பம்பின் உடல்நிலையைப் படிக்கலாம். பட்டறை நடத்துபவர்கள் அவற்றில் முதலீடு செய்வதே பொருத்தம். சொந்த வண்டி ஒன்றைப் பராமரிப்பவருக்கு இந்தக் கேஜும் ஒரு மல்டிமீட்டரும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே விடைகள் கிடைக்கும். டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியைத் தொட வேண்டாம். காமன் ரெயில் அமைப்புகளில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. டேங்கிலிருந்து வரும் குறைந்த அழுத்தப் பகுதியை மட்டும் அளப்பதற்கும், அதற்கென்றே உள்ள வேறு கேஜ்கள் இருக்கின்றன.

வாங்குபவர்கள் அடைப்பு வால்வு உள்ள அடாப்டரையும் வெவ்வேறு அளவுச் செம்பு வாஷர்களையும் கூடவே வாங்கிவிடட்டும். அவை இல்லாமல் பெட்டி பாதிதான். ஹோஸின் நீளம் 1.5 மீட்டருக்குக் குறைந்தால், மற்ற எல்லாம் சிறப்பாக இருந்தாலும் வேறு கேஜைப் பார்க்கலாம். என் வண்டியின் காலைநேரக் கசிவு இன்னும் அப்படியே இருக்கிறது. ஒருவழி வால்வு பம்போடு சேர்ந்தே வருவதால் அதற்காக மட்டும் நன்றாக ஓடும் பம்பை இறக்க மனமில்லாமல், சாவியை இரண்டு முறை திருகி ஸ்டார்ட் செய்துகொண்டிருக்கிறேன்.